பள்ளிக்குத் திரும்பும் குழந்தைகள்: கொரோனா அபாயம் எவ்வளவு? பெற்றோர் அறிய வேண்டியவை

புது தில்லி: கொரோனா பரவல் காரணமாக 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட பள்ளிகள், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு 2021இல் நாட்டின் பல பகுதிகளில் படிப்படியாகத் திறக்கப்பட்டன. பஞ்சாபில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி முதல் அனைத்து வகுப்புகளும் தொடங்கின. தில்லி, ராஜஸ்தான், தமிழ்நாடு ஆகியவற்றில் செப்டம்பர் 1ஆம் தேதி முதல் 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் நேரடி வகுப்புகளுக்கு வரத் தொடங்கினர். எனினும், 18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடுப்பூசி செலுத்தும் பணி அப்போது தொடங்கியிருக்கவில்லை. இந்த நிலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது.

குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படுமா?

ஏற்படும். பெரியவர்களைப் போலவே குழந்தைகளுக்கும் கொரோனா தொற்று ஏற்படுகிறது என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்திய நான்காவது தேசிய ஆய்வு உறுதிப்படுத்தியுள்ளது. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் 21 மாநிலங்களைச் சேர்ந்த 70 மாவட்டங்களில் இந்த ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. இதில் 6 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் 57.2 சதவீதத்தினரிடமும், 10 முதல் 17 வயது வரையிலானோரில் 61.6 சதவீதத்தினரிடமும் கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் காணப்பட்டன. அனைத்து வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் இந்த விகிதம் 67.6 சதவீதமாக இருந்தது.

இந்தப் புள்ளிவிவரத்தில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. பள்ளிகள் பெரும்பாலும் மூடியிருந்த காலத்திலேயே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொற்று எட்டிவிட்டது என்பது முதலாவது. வீட்டிலிருந்து வெளியே சென்று திரும்பிய பெரியவர்கள் மூலமே அது பெருமளவில் வந்திருக்க வேண்டும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தொற்று வந்ததை அறியாமலேயே குணமடைந்துவிட்டனர் என்பது இரண்டாவது. அதேவேளையில், பத்தில் நான்கு குழந்தைகளிடம் ஆன்டிபாடி இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பாதிப்பு குறைவாக இருப்பது ஏன்?

வைரஸ் மனித உயிரணுவுக்குள் நுழைவதற்கு ஏசிஇ-2 எனப்படும் ஏற்பி வாயிலாக அமைகிறது. குழந்தைகளின் சுவாசப் பாதையில் இந்த ஏற்பிகள் குறைவாக இருப்பதால், வைரஸ் தொற்றை அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகச் சமாளிக்கின்றனர் என்று அப்போதைய ஐசிஎம்ஆர் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 2021 ஜூலையில் விளக்கமளித்தார். இதன் அடிப்படையில், பள்ளிகளைத் திறக்க முடிவு செய்தால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்றும், அதற்கு முன்பாக ஆசிரியர்கள் உள்ளிட்ட அனைத்துப் பணியாளர்களுக்கும் தடுப்பூசி செலுத்தப்பட வேண்டும் என்றும் அவர் கூறினார். எனினும், பெரும்பாலான மாநிலங்கள் உயர் வகுப்புகளையே முதலில் திறந்தன. பொதுத் தேர்வு நெருங்கிவந்ததும், வளர்ந்த மாணவர்கள் விதிமுறைகளைத் தாமாகவே பின்பற்றுவார்கள் என்பதும் அதற்கான காரணங்களாக இருந்தன.

தொற்று ஏற்படும் குழந்தைகளுக்குக் காய்ச்சல், இருமல், சளி, தொண்டை வலி, உடல் சோர்வு ஆகியவை பொதுவாகக் காணப்படுகின்றன. சிலருக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் ஏற்படலாம். பலருக்கு அறிகுறியே தென்படுவதில்லை.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

உடல் பருமன், நீரிழிவு, பிறவி இதய நோய், நாள்பட்ட நுரையீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ள குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்புத் திறனைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கும் தீவிர பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு அதிகம். இவர்களைப் பள்ளிக்கு அனுப்பும் முன்பாக, சிகிச்சை அளித்து வரும் மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது அவசியம்.

தொற்றிலிருந்து மீண்ட குழந்தைகளில் மிகச் சிலருக்கு, 2 முதல் 6 வாரங்களுக்குப் பிறகு 'எம்ஐஎஸ்-சி' எனப்படும் பல்லுறுப்பு அழற்சி ஏற்படுகிறது. விடாத காய்ச்சல், உடலில் தடிப்புகள், கண்கள் சிவத்தல், கடுமையான வயிற்று வலி, வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். இதயத்தையும் பாதிக்கக்கூடிய இந்நோய் அரிதானது. உரிய நேரத்தில் சிகிச்சை அளித்தால் குணப்படுத்தக்கூடியது. வீட்டில் எவருக்கேனும் அண்மையில் கொரோனா வந்திருந்தால், அந்தத் தகவலை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும். குழந்தைக்கு அறிகுறியே இல்லாமல் தொற்று வந்து சென்றிருக்கலாம் என்பதால் இத்தகவல் நோயைக் கண்டறிய உதவும்.

மூன்றாவது அலை குழந்தைகளைக் குறிவைக்குமா?

அடுத்த அலை குழந்தைகளையே அதிகம் தாக்கும் என்ற அச்சம் 2021இல் சில மாதங்களாகப் பரவி வந்தது. ஆனால், மூன்றாவது அலை குழந்தைகளை மட்டுமோ அல்லது பெரும்பாலும் குழந்தைகளையோ பாதிக்கும் என்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2021 மே மாதத்திலேயே தெளிவுபடுத்தியது. பெரியவர்கள் தடுப்பூசி பெறும்போது, தொற்றுக்கு உள்ளாவோரில் குழந்தைகளின் விகிதம் உயர்ந்ததுபோல் தோன்றுவது இயல்பு. வைரஸ் குழந்தைகளிடம் கடுமையாகிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல.

பள்ளி மூடலுக்குக் கொடுத்த விலை

தொற்றின் அபாயத்தை மட்டும் எடைபோட்டால் கணக்கு முழுமை பெறாது. பள்ளிகள் மூடப்பட்டதால் நாடு முழுவதும் 15 லட்சம் பள்ளிகளில் பயிலும் 24.7 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனிசெஃப் தெரிவித்துள்ளது.

பொருளாதார அறிஞர் ஜீன் திரேஸ் உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியிடப்பட்டன. ஊரகப் பகுதிகளில் 28 சதவீதத்தினர் மட்டுமே தொடர்ந்து படித்து வந்தனர். 37 சதவீதத்தினர் படிப்பையே கைவிட்டிருந்தனர். இணையவழியில் தொடர்ந்து படித்தவர்கள் ஊரகத்தில் 8 சதவீதம், நகர்ப்புறத்தில் 24 சதவீதம் மட்டுமே. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதுவும் வேலைக்குச் செல்லும் தந்தையிடம் என்ற நிலையில் இணைய வகுப்பு என்பது பெயரளவில்தான் இருந்தது.

பள்ளியில் சமைத்துப் பரிமாறப்பட்ட மதிய உணவும் நின்றுபோனது. அதற்கு ஈடாகத் தானியமோ பணமோ வழங்கப்பட்டாலும், அது குடும்பம் முழுவதற்கும் பகிரப்பட்டது. குழந்தைத் தொழில், இளவயதுத் திருமணம் ஆகியவை அதிகரிக்கும் அபாயமும் எழுந்தது. இவற்றைச் சுட்டிக்காட்டி, பள்ளிகளைத் தொடர்ந்து மூடி வைப்பது ஆபத்தானது என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

பள்ளியைப் பாதுகாப்பானதாக்குவது எது?

பள்ளிக்குள் தொற்று நுழைவதற்கான முதன்மை வழி பெரியவர்களே. எனவே ஆசிரியர்கள், சமையல் பணியாளர்கள், வாகன ஓட்டுநர்கள், உதவியாளர்கள் அனைவரும் தடுப்பூசி பெறுவது முதல் பாதுகாப்பு அரண். 2021 செப்டம்பர் 5ஆம் தேதி ஆசிரியர் தினத்துக்கு முன்பாக அனைத்து ஆசிரியர்களுக்கும் தடுப்பூசி செலுத்த முன்னுரிமை அளிக்குமாறு மாநிலங்களை மத்திய அரசு கேட்டுக்கொண்டது. இதற்காக 2 கோடிக்கும் அதிகமான தடுப்பூசிகளைக் கூடுதலாக ஒதுக்கியது. பெற்றோரும், வீட்டிலுள்ள முதியவர்களும் தடுப்பூசி பெற்றிருக்க வேண்டும். குழந்தை தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதலில் பாதிக்கப்படக்கூடியவர்கள் தாத்தாவும் பாட்டியுமே.

இரண்டாவது அரண் காற்றோட்டம். மூடிய அறையில் நீண்ட நேரம் இருக்கும்போது, வைரஸ் கலந்த நுண்துளிகள் காற்றில் தங்கிப் பரவுகின்றன. சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்தல், குளிர்சாதனத்தைத் தவிர்த்தல், மரத்தடியிலும் திறந்தவெளியிலும் வகுப்பு நடத்துதல் ஆகியவை செலவில்லாத வழிகள். மேசைகளுக்குக் கிருமிநாசினி தெளிப்பதைவிட இவை அதிகப் பயன் தரும்.

மாணவர்கள் முகக்கவசத்தைக் கழற்றும் உணவு இடைவேளையும், நெருக்கியடித்து அமரும் பள்ளி வாகனமும் கூடுதல் கண்காணிப்பு தேவைப்படும் இடங்கள். பாதி மாணவர்கள் ஒரு நாளும், மீதிப் பேர் மறுநாளும் வரும் சுழற்சி முறை நெரிசலைக் குறைக்கிறது.

முகக்கவசம் எந்த வயதினருக்கு?

மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் 2021 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு முகக்கவசம் பரிந்துரைக்கப்படவில்லை. 6 முதல் 11 வயது வரையிலானோர் பெற்றோர் மற்றும் மருத்துவரின் மேற்பார்வையில் அணியலாம் என்று அவை கூறின. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பெரியவர்களைப் போலவே அணிய வேண்டும் என்றும் அவை கூறின. மூக்கையும் வாயையும் முழுமையாக மூடும் வகையில் அது இருக்க வேண்டும். மாற்று முகக்கவசம் ஒன்றைப் பையில் வைத்து அனுப்புவது நல்லது.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

காய்ச்சல், இருமல், சளி இருந்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. தேர்வோ வருகைப்பதிவோ இதற்குத் தடையாக இருத்தல் ஆகாது. லேசான பாதிப்பு உள்ள குழந்தைக்கு ஓய்வு, போதிய நீராகாரம், சத்துள்ள உணவு, மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் ஆகியவையே போதுமானவை. குழந்தைகளுக்கு ரெம்டெசிவிர் பரிந்துரைக்கப்படவில்லை என்றும், லேசான பாதிப்புக்கு ஸ்டீராய்டு தருவது தீங்கு விளைவிக்கும் என்றும் அதே நெறிமுறைகள் எச்சரித்தன.

மூச்சுத் திணறல், மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல், உணவும் நீரும் மறுத்தல், எழுப்பியும் விழிக்காத சோர்வு, ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழ் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தடுப்பூசிக்காகக் காத்திருக்கலாமா?

ஜைடஸ் கேடிலா நிறுவனத்தின் ஜைகோவ்-டி தடுப்பூசியை 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அவசரகாலத்தில் பயன்படுத்த 2021 ஆகஸ்ட் 20ஆம் தேதி ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஊசியின்றி மூன்று தவணைகளாகச் செலுத்தப்படும் இது, 2021 செப்டம்பரில் இன்னும் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. 2 முதல் 18 வயது வரையிலானோருக்கான கோவாக்சின் பரிசோதனையும் அப்போது நடைபெற்று வந்தது. 12 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடுப்பூசி கிடைக்க மேலும் காலம் ஆகலாம் என்ற நிலை இருந்தது. அதுவரை ஒரு தொடக்கப் பள்ளி மாணவனைக் காத்திருக்கச் செய்திருந்தால், எழுதப் படிக்கக் கற்கும் முக்கியமான ஆண்டுகளை அவன் இழக்க நேரிட்டிருக்கும்.

அப்போது பள்ளிக்கு வருவது கட்டாயமாக இருக்கவில்லை. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்றே மாணவர்கள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது மத்திய கல்வி அமைச்சகத்தின் நெறிமுறையாக இருந்தது. அந்தப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பாகப் பெற்றோர் பள்ளியிடம் கேட்க நான்கு கேள்விகள் இருந்தன. பணியாளர்கள் அனைவரும் தடுப்பூசி பெற்றுவிட்டார்களா? வகுப்பறையின் சன்னல்கள் திறந்திருக்கின்றனவா? மாணவருக்கு உடல்நலம் குன்றினால் தனியே தங்கவைக்க ஏற்பாடு உள்ளதா? ஒருவருக்குத் தொற்று உறுதியானால் மற்ற பெற்றோருக்கு அன்றே தெரிவிக்கப்படுமா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்து, வீட்டிலுள்ள பெரியவர்களும் தடுப்பூசி பெற்றிருந்தால், உடல்நலமுள்ள ஒரு குழந்தை வகுப்பறைக்குத் திரும்புவதால் கிடைக்கும் நன்மை அபாயத்தைவிட அதிகம்.