எதிர்பாரா விளைவுகளும் அறிவியல் வளர்ச்சியும்

அறிவியல் ஆய்வு என்றதும், திட்டமிட்ட செய்முறையும் எண்ணியவாறே கிட்டும் முடிவுமே பலருடைய நினைவுக்கு வரும். நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்று மாணவர் வரிசையாக எழுதும் குறிப்பேட்டில், எதிர்பாராத விளைவை எழுதுவதற்கென ஓர் இடம் இருப்பதில்லை. ஆனால், அறிவியல் நடந்து வந்த பாதை அத்துணை நேரானதன்று. ஆய்வாளர் நாடிச் சென்றது ஒன்று. கையில் கிடைத்தது வேறொன்று. அவ்வாறு கிடைத்ததைப் பிழையென்று தள்ளிவிடாமல் பதிந்து வைத்தவர்களாலேயே பல துறைகள் புதிய திசையில் திரும்பின. ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் துகள் மோதல், பலபடி வேதியியல், சிலிக்கான் ஒளியியல் ஆகிய மூன்று துறைகளின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது.

திரும்பி வந்த துகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அணுவைப் பற்றி ஜே. ஜே. தாம்சன் கூறிய கொள்கையே செல்வாக்குப் பெற்றிருந்தது. நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருக்கின்றது. எலெக்ட்ரான்கள் அதனுள் பதிந்து கிடக்கின்றன என்பது அக்கொள்கை. அதன்படி, பெருவேகத்தில் வரும் ஆல்பாத் துகள் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை ஊடுருவும்போது சற்றே விலகுமேயன்றித் திரும்பி வர இயலாது.

1909-இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் வழிகாட்டுதலில் ஹன்ஸ் கைகரும், இருபது வயது மாணவரான எர்னஸ்ட் மார்ஸ்டனும் இத்துகள்களை ஆராய்ந்தனர். திரும்பி வரும் துகள் ஏதேனும் உண்டா என்று பார்க்குமாறு மார்ஸ்டனைப் பணித்தவர் ரதர்ஃபோர்டே. எனினும், அவ்வாறு ஒன்று தென்படும் என அவரே நம்பவில்லை. இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் தோன்றி மறையும் ஒளிப்பொறிகளை நுண்ணோக்கி வழியாக ஒவ்வொன்றாக எண்ணினர் ஆய்வாளர். பிளாட்டினத் தகட்டில் மோதியவற்றுள் ஏறத்தாழ 8000-க்கு ஒரு துகள் திரும்பி வந்தது.

எண்ணாயிரத்தில் ஒன்றைக் கண்ணயர்வால் நேர்ந்த பிழையென்று ஒதுக்குவது எளிது. அவர்கள் ஒதுக்கவில்லை, எண்ணி எழுதினார்கள். அந்த ஒன்றுக்கு விளக்கம் தேடிய ரதர்ஃபோர்ட், அணுவின் நேர்மின்னூட்டமும் பெரும்பாலான பொருண்மையும் அதன் நடுவே மிகச் சிறிய இடத்தில் திரண்டிருத்தல் வேண்டுமென 1911-இல் நிறுவினார். அணுக்கருக் கொள்கை பிறந்தது.

ஆயிரம் மடங்கு பிழை

ரதர்ஃபோர்டின் மாணவர் செய்முறையில் பிழையேதும் இல்லை. வியப்பு விளைவில் மட்டுமே இருந்தது. செய்முறையே பிழையாகிப் போன ஆய்வு ஒன்றும் உண்டு.

சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோலப் பிணைந்து உருவாகும் பெருமூலக்கூறே பலபடி எனப்படும். ரப்பர் மரத்துப் பாலில் உள்ள ரப்பர் இயற்கைப் பலபடி. நைலானும் பாலித்தீனும் செயற்கைப் பலபடிகள். பலபடிகள் மின்சாரத்தைக் கடத்தா என்பது பொதுவான கருத்து. மின்கம்பிக்கு ரப்பரும் பிளாஸ்டிக்கும் உறையாக அமைந்ததற்கு அதுவே காரணம்.

1967-இல், டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடெக்கி ஷிரகாவா அசிட்டிலீன் வளிமத்தைப் பலபடியாக்கும் முறையை ஆராய்ந்து கொண்டிருந்தார். அதுவரை கிடைத்ததெல்லாம் எதிலும் கரையாத கரும்பொடியே. அங்கு வருகை புரிந்திருந்த ஆய்வாளர் ஒருவர் இவ்வாய்வைச் செய்தபோது, வினையூக்கியின் அளவில் தவறு நேர்ந்தது. வேண்டிய அளவைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. கரும்பொடிக்கு மாறாக, உலோகம்போல் மின்னும் மெல்லிய படலம் ஒன்று தோன்றியது.

கலத்தைக் கழுவிவிட்டுச் சரியான அளவோடு மீண்டும் தொடங்குவதே எவரும் செய்யக்கூடியது. ஷிரகாவாவோ, அப்படலம் ஏன் தோன்றியது என்று வினவினார். அதே விளைவை வேண்டும்போதெல்லாம் பெறும் முறையை வகுத்தார். உலோகம்போல் மின்னினாலும் அப்படலம் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தவில்லை. 1975-இல் ஜப்பானுக்கு வந்த அமெரிக்க வேதியியலறிஞர் ஆலன் மெக்டயர்மிட் அதனைக் கண்டு வியந்து, ஷிரகாவாவைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்தார். அங்கு இயற்பியலறிஞர் ஆலன் ஹீகரும் அவர்களுடன் சேர்ந்தார். 1976 நவம்பரில் அப்படலத்தில் புரோமின் ஆவியைச் செலுத்தியபோது, அதன் மின்கடத்து திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977-இல் இம்முடிவு வெளியாயிற்று. 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

தவறு நேர்ந்த அந்நாளுக்கும் பயன் விளைந்த நாளுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. தற்செயல் தந்தது ஒரு படலத்தை மட்டுமே. எஞ்சியது முழுவதும் உழைப்பின் பயன்.

காத்திருந்த கறை

ஒன்பது ஆண்டுகளையும் குறுகிய காலமெனக் கருதும்படி செய்வது நுண்துளைச் சிலிக்கானின் வரலாறு. 1950-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், டிரான்சிஸ்டர் செய்வதற்குரிய சிலிக்கான், ஜெர்மானியம் படிகங்களைச் செதுக்கி மெருகூட்டும் வழியை ஆர்தர் உலிர் தேடிக் கொண்டிருந்தார். ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கரைசலில் படிகத்தை வைத்து மின்னோட்டம் செலுத்துவது அவர் கையாண்ட முறை. சில வேளைகளில் பரப்பு வழவழப்பாவதற்கு மாறாக, கறுப்பும் பழுப்பும் சிவப்புமான படலம் அதன்மேல் படர்ந்தது. மெருகு வேண்டியவருக்கு அது வெறும் கறை. ஆயினும், 1956-இல் வெளியிட்ட கட்டுரையில் உலிர் அதனையும் குறித்து வைத்தார்.

அக்கறை புதிதாகப் படிந்த பொருளன்று, கண்ணுக்குப் புலப்படாத துளைகளால் அரிக்கப்பட்ட சிலிக்கானே என்பது பின்வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. 1984-இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரிலுள்ள அரசு ஆய்வு நிலையத்தார், ஏறத்தாழ −269 பாகை செல்சியஸ் குளிரில் அது ஒளிர்வதைக் கண்டனர். எனினும், அதன் முழுப் பொருளும் அப்போது விளங்கவில்லை.

அதே நிலையத்தைச் சேர்ந்த லீ கேன்ஹாம், துளைகளை மேலும் அகலச் செய்து, இடையே எஞ்சும் சிலிக்கான் இழைகளை ஒருசில நானோமீட்டர் தடிப்புக்குக் குறைத்தார். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பச்சை அல்லது நீல லேசர் ஒளி பட்டதும், சாதாரண அறை வெப்பநிலையிலேயே அப்படிகம் வெறுங்கண்ணுக்குத் தெரியுமாறு செந்நிறமாய் ஒளிர்ந்தது. இம்முடிவு 1990-இல் வெளிவந்தது. சாதாரணச் சிலிக்கான் மிக அரிதாகவே ஒளியை உமிழும்; அதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. எலெக்ட்ரான்கள் மிகக் குறுகிய இடத்தில் அடைபடும்போது அவற்றின் ஆற்றல் நிலைகள் உயர்வதே இம்மாற்றத்திற்குக் காரணம் என்பது கேன்ஹாம் தந்த விளக்கம்.

உலிரின் கட்டுரைக்கும் இவ்வொளிக்கும் இடைப்பட்ட காலம் 34 ஆண்டுகள். சிலிக்கானைக் கொண்டே விளக்கும் லேசரும் செய்துவிடலாமென அன்று எழுந்த பெருநம்பிக்கை எண்ணியவாறு நிறைவேறவில்லை என்பதும் உண்மையே. ஆனால், மின்னோட்டத்தை மாற்றி மாற்றிச் செலுத்தி வெவ்வேறு துளையளவுடைய அடுக்குகளை உண்டாக்கவும், அவற்றால் குறிப்பிட்ட நிறத்தை மட்டும் எதிரொளிக்கும் ஆடிகளைச் செய்யவும் இத்துறை வழிவகுத்தது. துளைகளில் ஒரு வேதிப்பொருள் புகுந்தால் அந்நிறம் மாறும்; அதனைக் கொண்டு அப்பொருளை இனங்காணலாம். குப்பையில் கிடந்த குன்றிமணி இங்கே மெய்யாகவே சிவந்து ஒளிர்ந்தது எனலாம்.

எதை ஒதுக்குவது?

மார்ஸ்டன் தம் கண்ணால் எண்ணியதை இக்காலத்தில் கருவிகள் எண்ணுகின்றன. ஜெனிவா நகருக்கு அருகே, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் அமைந்த செர்ன் நிறுவனத்தின் பெருந்துகள் மோதி 2008-இல் முதன்முதலாக இயக்கப்பட்டது. அது முழுத் திறனில் இயங்குகையில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ நூறு கோடி மோதல்கள் நிகழும். அத்தனையையும் சேமித்து வைக்க எந்தக் கணிப்பொறியாலும் இயலாது. ஆதலின், முன்கூட்டி வகுத்த விதிகளின்படி கருவிகளே கணநேரத்தில் தெரிவு செய்து, மிகச் சிறு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுகின்றன. 2012 ஜூலை 4-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்ட மோதல்களிலிருந்தே கண்டறியப்பட்டது.

இங்கே ஓர் அரிய சிக்கல் எழுகின்றது. எதிர்பார்ப்பதைப் பிடிக்க விதி வகுக்கலாம். எதிர்பாராததைப் பிடிக்க என்ன விதி வகுப்பது? இவ்வச்சத்தை உணர்ந்தே, எவ்வித விதியும் பாராமல் குருட்டாம்போக்கில் சில மோதல்களைச் சேமிக்கும் வழக்கத்தையும் ஆய்வாளர் கொண்டுள்ளனர். எண்ணாயிரத்தில் ஒன்றை ஒதுக்காத மான்செஸ்டர் மரபு இவ்வாறு தொடர்கின்றது.

இவ்வரலாறு ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும் உரியதன்று. நூலில் உள்ள விடை வரவில்லையென்று தம் அளவீட்டை அழித்து, நூலின் எண்ணை எழுதிவிடும் மாணவர் எந்நாட்டிலும் உண்டு. அவ்வாறு எழுதியவருக்கு முழு மதிப்பெண்ணும், கண்டதைக் கண்டவாறே எழுதியவருக்குக் குறைந்த மதிப்பெண்ணும் கிடைக்குமாயின், வகுப்பறை கற்பிப்பது அறிவியலாகாது. மாணவர் கண்ட மாறுபாடுகளுள் பெரும்பாலானவை வெறும் பிழைகளாகவே இருக்கும். ஆயினும், பிழை எது, புதுமை எது என்று ஆராய்வதற்கு முதலில் அது தாளில் இருத்தல் வேண்டும். உலிர் தாம் கண்ட கறையை எழுதாமல் விட்டிருப்பின், பின்வந்தோர் எதைத் தொடர்ந்திருப்பர்? குறிப்பேட்டில் 'எதிர்பாராமல் கண்டது' என்று ஒரு பகுதியைச் சேர்ப்பதற்குச் செலவேதும் இல்லை. அதில் எழுதப்படுவதைப் பொறுமையோடு படிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தாற் போதும்.