உங்களை எப்படி வீட்டுக்கு அனுப்புவது?

ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்ப்பவர்கள் என்றதும் எங்களுக்கு வலதுசாரிகள்தான் நினைவுக்கு வருவார்கள்: எல்லையை மூடு, குடியேறிகளைத் துரத்து என்கிற ஆட்கள். ஆனால் இடதுசாரிகளும் அதை நீண்டகாலமாக விமர்சித்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி வேறு.

1975இல் பிரித்தானியாவில் நடந்த சர்வசன வாக்கெடுப்பில், தொழிற்கட்சி அமைச்சர் டொனி பென் ஐரோப்பியச் சமூகத்தை விட்டு விலகவேண்டுமென்று தன் பிரதமருக்கு எதிராகவே பிரசாரம் செய்தார். தோற்றும் போனார். 67 வீதமானோர் உள்ளே இருக்கவே வாக்களித்தார்கள். ஆனாலும் பின்னாட்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று நிலைத்துவிட்டது: அதிகாரத்தில் இருக்கிற உங்களை நாங்கள் எப்படி நீக்குவது?

40 வருசத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி கிரேக்கத்தில் உயிரோடு வந்து நின்றது. 2015 ஜனவரியில், கடன் கொடுத்தவர்கள் திணித்த செலவுக் குறைப்பை நிறுத்துவோம் என்று சொன்ன சிரிசா கட்சி ஆட்சிக்கு வந்தது. ஜூன் கடைசியில், கிரேக்க வங்கிகளுக்கான அவசரக் கடனின் உச்ச அளவை இனிக் கூட்டமாட்டோம் என்றது ஐரோப்பிய மத்திய வங்கி. வங்கிகள் பூட்டப்பட்டன. ஏ.ரி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். அந்த நெருக்கடிக்குள்ளும் ஜூலை 5இல் 61 வீதமான சனம், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைக்கு 'இல்லை' என்று வாக்குப் போட்டது. எட்டே நாளில், ஜூலை 13இல், பிரதமர் சிப்ராஸ் புதிய செலவுக் குறைப்புக்கு இணங்கினார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு இருக்கு. கடன் கொடுத்த ஜேர்மனியரும் வாக்காளர்கள்தானே? கிரேக்கர் வாக்குப் போட்டு அவர்களுடைய காசை எப்படி எடுக்கலாம்? சரிதான். ஆனால் இரண்டு நாட்டுச் சனமும் சேர்ந்து தெரிவுசெய்த, சேர்ந்து நீக்கக்கூடிய ஒரு சபை அந்த முடிவை எடுக்கவில்லை. பேச்சு நடந்தது யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடும் யூரோ குழுவில். ஒன்றியத்தின் ஒப்பந்தமே அதை முறைசாராச் சந்திப்பு என்றுதான் சொல்கிறது. ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு அந்தக் கடன் திட்டத்தை அங்கீகரிக்கவோ நிராகரிக்கவோ அதிகாரம் இருக்கவில்லை.

அதனால், நாடுகள் ஒன்றுசேர்வது பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதிகாரம் மட்டும் எல்லை தாண்டிப் போய், வாக்கு மட்டும் வீட்டிலேயே நின்றால், அரசாங்கத்தை மாற்றலாம், முடிவை மாற்றேலாது. கிரேக்கர் ஒரே வருசத்தில் மூன்று தரம் வாக்குச்சாவடிக்குப் போய்ப் படித்த பாடம் அதுதான்.