அரிசி சுமந்த நீர்மூழ்கிகள்

நீர்மூழ்கிக் கப்பல் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? டார்பிடோவும் வெடிச்சத்தமும்தானே! அரிசி மூட்டை ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட நீர்மூழ்கிகளும் இருந்தன என்றால் நம்புவீர்களா?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் இந்த வேலையைத் தொடங்கியது 1942-இல், குவாடல்கனால் தீவில். பகலில் அமெரிக்க விமானங்கள் சரக்குக் கப்பல்களை விடவில்லை. வேறு வழியின்றி, தாக்குதலுக்குக் கட்டிய நீர்மூழ்கிகளில் உணவை ஏற்றினார்கள். இருட்டில் கரையோரம் மேலெழுந்து, அவசர அவசரமாக இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அப்படி வந்த ஐ-3 கப்பலை டிசம்பர் 9-ஆம் தேதி ஒரு சின்ன டார்பிடோப் படகு மூழ்கடித்தது.

பிறகுதான் சரக்குக்கென்றே ஐ-361 ரகக் கப்பல்கள் வந்தன. 1944-இல் சேவைக்கு வந்த இவை, உள்ளே 62 டன், மேல்தளத்தில் 20 டன் சுமக்கும்.

82 டன் பெரிதுதானே என்று தோன்றலாம். மெரியோன் தீவுக் கணக்கைப் பாருங்கள். கரோலைன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த அந்தச் சிறு பவளத்தீவில் ஏறத்தாழ 6,500 ஜப்பானியப் படையினர் இருந்தனர். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்றால்கூட, ஒரு கப்பல் சரக்கு 25 நாளுக்குத்தான் வரும். கப்பலோ எப்போதாவதுதான் வந்தது. எலியையும் பல்லியையும் தின்றார்கள். அமெரிக்கர்கள் அந்தத் தீவில் தரையிறங்கவே இல்லை. குண்டு போட்டதோடு சரி. அப்படியும் 5,000 பேர்வரை மாண்டார்கள், பெரும்பாலோர் பசியாலும் நோயாலும். அதிகாரிகளைவிடச் சாதாரணச் சிப்பாய்களே மிக அதிக விகிதத்தில் செத்தார்கள். சோறு யார் கையில் இருந்தது என்பதை இதற்குமேல் சொல்ல வேண்டுமா?

நம்மூரில் மரவள்ளிக்கிழங்கை நம்பி மக்கள் உயிர் பிழைத்த அதே காலம்தான் அது.

1945-இல் இந்தக் கப்பல்கள் சிலவற்றில் உணவுக்குப் பதிலாகக் 'கைத்தென்' என்ற மனித டார்பிடோக்களை ஏற்றினார்கள். ஒரு கப்பலுக்கு ஐந்து. தீவுகளில் பட்டினி கிடந்தவர்களுக்கு வரவேண்டிய கப்பல், இளைஞர்களைச் சாகடிக்கப் புறப்பட்டது.

இவற்றை அடுத்து எரிபொருள் சுமக்கக் கட்டிய ஐ-373, 1945 ஆகஸ்ட் 14-ஆம் தேதி கிழக்குச் சீனக் கடலில் 'ஸ்பைக்ஃபிஷ்' என்ற அமெரிக்க நீர்மூழ்கியிடம் சிக்கி மூழ்கியது. பிழைத்தவர் ஒரே ஒருவர். மறுநாள் பகலில் சரணடைவதாகப் பேரரசரின் குரல் வானொலியில் ஒலித்தது.