தன்னியக்க மாற்றாளி: மின்பிறப்பாக்கி வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டியவை

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. 2020 ஓகஸ்ட், 2021 டிசெம்பர், 2023 டிசெம்பர் மாதங்களிலும் இவ்வாறு நாடளாவிய மின்தடைகள் ஏற்பட்டிருந்தன. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது.

மின்சாரமின்றி வாழ்வது வடக்கு, கிழக்கு மக்களுக்குப் புதியதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆனால் அன்றைய நிலைமை வேறு, இன்றைய நிலைமை வேறு. போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருக்கும் ஒருவரின் காற்று மெத்தை மின்சாரத்தில்தான் இயங்குகிறது. மெத்தையில் காற்று இறங்கினால் சில மணித்தியாலங்களிலேயே படுக்கைப்புண்ணுக்கு வழி பிறந்துவிடும். ஒட்சிசன் செறிவாக்கியில் மூச்சு விடுபவருக்கு அந்தச் சில மணித்தியாலங்களும் கிடையாது.

இதனால்தான் பல வீடுகளும் சிறு தொழில் நிலையங்களும் மின்பிறப்பாக்கி வாங்குகின்றன. வெளிநாட்டில் உள்ள உறவினர்களும் அதற்குப் பணம் அனுப்புகிறார்கள். வாங்குவதில் காட்டும் அக்கறையை அதை வீட்டு மின்சுற்றுடன் இணைப்பதில் பலர் காட்டுவதில்லை.

சுவர்ப் பிளக்கில் செருகும் ஆபத்து

இரு முனைகளிலும் ஆண் பிளக் பொருத்திய வயர் ஒன்றினால் மின்பிறப்பாக்கியைச் சுவரில் உள்ள பிளக்குடன் இணைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. பிரதான ஆளியை நிறுத்த மறந்தால், இந்த மின்சாரம் மின்மானி வழியாக வீதிக்குத் திரும்பிச் செல்லும். தெருவில் உள்ள மின்மாற்றி 11,000 அல்லது 33,000 வோல்ற்றைக் குறைத்து வீடுகளுக்குத் தருகிறது. மின்சாரம் எதிர்த்திசையில் வந்தால் அதே மின்மாற்றி அதை ஆயிரக்கணக்கான வோல்ற்றாக உயர்த்தக்கூடும். புயலில் அறுந்த கம்பியைத் திருத்தக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்சார சபை ஊழியரின் உயிரை அது பறிக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் மீண்டும் வந்தால் உங்கள் மின்பிறப்பாக்கியும் எரிந்துபோகும். பிளக் கழன்றால் வெளியே தெரியும் ஊசிகளில் மின்சாரம் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது இன்னும் மோசம்.

“பிரதான ஆளியை நிறுத்திவிட்டுத்தானே செருகுகிறோம்” என்று சொல்பவர்கள் உண்டு. இருட்டில், மழையில், பதற்றத்தில் ஒருநாள் மறந்தாலே போதும், ஓர் உயிர் போய்விடும். மனிதரின் ஞாபகத்தை நம்பியிராத ஒரு பூட்டு இங்கே தேவை. மாற்றாளி செய்யும் முதல் வேலை அதுதான்.

எவ்வாறு இயங்குகிறது?

மாற்றாளி வீட்டுச் சுற்றை மின்சார சபையின் இணைப்புடனோ மின்பிறப்பாக்கியுடனோ இணைக்கும். இரண்டுடனும் ஒரே நேரத்தில் ஒருபோதும் இணைக்காது. கையால் திருப்பும் வகையை ‘சேஞ்ச் ஓவர்’ என்பார்கள். தானாக மாறும் வகையே கடைகளில் ஏ.ரி.எஸ். என விற்கப்படும் தன்னியக்க மாற்றாளி.

மின்சாரம் நின்றாலோ மின்னழுத்தம் மிகவும் குறைந்தாலோ அது சில வினாடிகள் பொறுத்திருந்து பார்க்கும். கண்சிமிட்டும் நேரத் தடைகளுக்கு இயந்திரம் வீணாக இயங்காதிருக்கவே இந்தத் தாமதம். பின்னர் இயந்திரத்தை இயக்கி, 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் அளவை அது அண்மித்ததும் வீட்டுச் சுற்றை அதற்கு மாற்றும். மின்சாரம் திரும்பியதும் உடனே மாறாது. அது நிலையாக உள்ளதா எனச் சில நிமிடங்கள் பார்த்த பின்னரே மாறும். அதன் பிறகும் இயந்திரம் சுமையின்றிச் சில நிமிடங்கள் ஓடி, சூடு தணிந்து நிற்கும்.

இந்த மாற்றத்துக்குப் பொதுவாக 10 முதல் 30 வினாடிகள் செல்லும். அந்த இடைவெளியைக்கூடத் தாங்க முடியாத கருவிகளுக்குப் பற்றரியுடன் கூடிய யூ.பி.எஸ். தனியாகத் தேவை. ஒட்சிசன் செறிவாக்கி உள்ள வீட்டில் நிரப்பிய சிலிண்டர் ஒன்றும் எப்போதும் இருக்க வேண்டும். இயந்திரம் இயங்க மறுக்கும் நாளும் வரலாம். அன்று காற்று மெத்தையில் இருப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. நான்கு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் போதும் என்ற வீட்டுக்குக் கையால் திருப்பும் மாற்றாளியே போதும். பாதுகாப்பில் அது குறைந்ததல்ல, விலையும் குறைவு. நோயாளியுடன் முதியவர் மட்டும் இருக்கும் வீடு, அவயவம் இழந்தவர் தனியாக வாழும் வீடு, இரவில் ஆள் இல்லாத மீன் குளிரூட்டும் அறை, குஞ்சு பொரிக்கும் பண்ணை, தடுப்பூசி வைத்திருக்கும் மருந்தகம் போன்ற இடங்களுக்கே தன்னியக்க வகை அவசியமாகிறது. ஓடிச்சென்று இயந்திரத்தை இயக்க அங்கு ஆள் இல்லை.

கயிறு இழுத்து இயக்கும் சிறிய மின்பிறப்பாக்கியுடன் இதைப் பொருத்திப் பயனில்லை. பற்றரியில் இயங்கும் தொடக்கியும், வெளியிலிருந்து வரும் கட்டளையை ஏற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்க வேண்டும். பெற்றோல் இயந்திரமாயின் ‘சோக்’கும் தானாக இயங்க வேண்டும். உறவினர் பணம் அனுப்புமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

இந்த வேலையைத் தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவரே செய்ய வேண்டும். மின்மானியின் முத்திரையைத் தொடக் கூடாது. அவருடன் நீங்கள் பேச வேண்டியவை இவை:

1. அளவு: 5 கே.வி.ஏ. மின்பிறப்பாக்கி 230 வோல்ற்றில் ஏறத்தாழ 22 அம்பியர் தரும். ஆனால் மாற்றாளி மின்சார சபை இணைப்பையும் தாங்க வேண்டும். 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டுக்கு 40 அம்பியருக்குக் குறையாததை வாங்குவது நல்லது. ஐ.இ.சி. 60947-6-1 என்ற சர்வதேச நியமம் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

2. சுமை: கிணற்று மோட்டர் தொடங்கும்போது வழமையை விடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். முழு வீட்டையும் இணைக்காமல், அவசியமான சுற்றுகளை மட்டும் தனிப் பெட்டிக்குப் பிரித்துக்கொண்டால் சிறிய இயந்திரமே போதும். எரிபொருளும் மிஞ்சும்.

3. நொதுமல் கம்பி: உயிர்க் கம்பியுடன் நொதுமல் கம்பியும் சேர்ந்து மாற வேண்டும். ஆகவே ஒற்றைத் தறுவாய் வீட்டுக்கு இரு முனை, மூன்று தறுவாய் இணைப்புக்கு நான்கு முனை மாற்றாளி தேவை. புவிக் கம்பியை ஒருபோதும் துண்டிக்கக் கூடாது.

4. ட்ரிப் சுவிட்ச்: பல சிறிய மின்பிறப்பாக்கிகளில் நொதுமல் கம்பி புவியுடன் இணைக்கப்பட்டிருக்காது. அந்நிலையில் ஒருவரை மின்சாரம் தாக்கினாலும் ட்ரிப் சுவிட்ச் விழாமல் போகலாம். மின்பிறப்பாக்கி ஓடும்போதே அதைச் சோதித்துக் காட்டும்படி கேளுங்கள்.

5. சூரிய மின்கலம்: கூரையில் மின்சார சபையுடன் இணைந்த சூரிய மின் தொகுதி இருந்தால் அதன் இன்வேர்ட்டர் மாற்றாளிக்கு முன்னால், மின்சார சபைப் பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அது மின்பிறப்பாக்கிக்குள் மின்சாரத்தைத் தள்ளிப் பழுதாக்கும்.

6. இடம்: இயந்திரம் எப்போதும் வெளியில், யன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துவிடுவார். மாற்றாளிப் பெட்டி பல்லி, எறும்பு புகாதவாறு மூடியிருக்க வேண்டும். கடலோரக் கிராமங்களில் உப்புக் காற்று தொடுமுனைகளை அரிக்கும் என்பதால் உலோகப் பெட்டியை விடத் தரமான பிளாஸ்ரிக் பெட்டி நீடிக்கும்.

பராமரிப்பு

மின்பிறப்பாக்கி தேவைப்படும் நாளில் இயங்காமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம் தொடக்கிப் பற்றரி. முழுதாக மின்னேற்றிய 12 வோல்ற் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12.4 இற்குக் கீழே போனால் மின்னேற்றுங்கள்.

மாதம் ஒருமுறை பிரதான ஆளியை நிறுத்தி உண்மையான மின்தடையைப் போலச் சோதியுங்கள். பொத்தானை அழுத்தி இயந்திரத்தை மட்டும் இயக்கிப் பார்ப்பது மாற்றாளியைச் சோதிப்பதாகாது. நோயாளியின் கருவிக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டே இதைத் தொடங்குங்கள். டீசல் இயந்திரத்தை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குச் சுமையுடனாவது 30 நிமிடங்கள் ஓட விடுங்கள். சுமையின்றி அடிக்கடி ஓடினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படியும். சோதனை முடிந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி ‘ஓட்டோ’ நிலையில் உள்ளதா என இருமுறை பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

வருடம் ஒருமுறை மின்னியலாளரைக் கொண்டு முனைகளை இறுக்குவித்து, கருகிய அடையாளங்கள் உள்ளனவா எனப் பார்ப்பியுங்கள். மாற்றாளிப் பெட்டிக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரும். பிரதான ஆளியை நிறுத்தினாலும், அடுத்த சில வினாடிகளில் இயந்திரம் தானாக இயங்கி மீண்டும் மின்சாரம் தரும். ஆகவே கட்டுப்பாட்டை நிறுத்த நிலையில் வைத்து, பற்றரியின் மறைக் கம்பியையும் கழற்றிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

மாற்றிய கழிவு எண்ணெயை நிலத்தில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலம் எதையும் விரைவில் கிணற்றுக்குக் கொண்டு சேர்க்கும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் தீர்ப்பு வந்தது. எண்ணெயைப் போத்தலில் சேர்த்து வாகனத் திருத்தகம் ஒன்றில் கொடுங்கள்.

இறுதியாக, சோதனை செய்த திகதி, ஓடிய மணித்தியாலம், பற்றரி அளவு, எண்ணெய் மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி மாற்றாளிப் பெட்டியின் அருகே தொங்கவிடுங்கள். இயந்திரத்தை எப்படி நிறுத்துவது, யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பதையும் பெரிய எழுத்தில் அதன் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டின் பொறுப்பாளர் வெளியூரில் இருக்கும் இரவில் அந்தப் பக்கத்தை வாசிக்கப்போவது பத்து வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.