குழந்தையை கணக்கு டியூஷனில் சேர்க்கப் போறீங்களா? ஃபீஸ் கட்டும் முன் இதைப் பாருங்க!

அரையாண்டுத் தேர்வு மார்க் வந்ததும் பல வீடுகளில் எழும் முதல் பேச்சு, "கணக்குக்கு எங்கயாவது சேர்த்து விடலாமா?" என்பதுதான். அபாகஸ், ஒர்க்‌ஷீட் சென்டர், பள்ளிப் பாட டியூஷன் என எல்லாமே 'மேத்ஸ் சென்டர்' என்றுதான் போர்டு வைத்திருக்கின்றன. ஆனால், ஒவ்வொன்றும் சொல்லித் தருவது வேறு வேறு.

சிக்கல் எங்கே இருக்கிறது?

மார்க்கை விட விடைத்தாள்தான் முக்கியம். 7ஆம் வகுப்புப் பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தால், மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறது என்று அர்த்தம். சரியான விடை 5/6. இது கவனக்குறைவு இல்லை, பின்னமே புரியவில்லை. 7ஆம் வகுப்புப் பாடத்தை மறுபடி நடத்துவதால் இது சரியாகாது. 4, 5ஆம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

48ஐ 6ஆல் வகுக்கத் தெரிந்த பிள்ளை, "48 மாம்பழத்தை 6 கூடையில் சமமாக வைத்தால்?" என்று கேட்டால் முழித்தால், சிக்கல் கேள்வியைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. வீட்டில் சரியாகப் போட்டுவிட்டு தேர்வில் விட்டுவிட்டு வந்தால், வேகமோ பயமோ காரணமாக இருக்கலாம்.

எந்த சென்டர் யாருக்கு?

அபாகஸ்: மணிச்சட்டம் மூலம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலில் வேகம் தருவது. அல்ஜீப்ரா, ஜியோமெட்ரியில் திணறும் பிள்ளைக்கு இது தீர்வு இல்லை.

ஒர்க்‌ஷீட் முறை: ஜப்பானைச் சேர்ந்த கணித ஆசிரியர் டோரு குமோன், 1954இல் தன் மகனுக்காகத் தயாரித்த பயிற்சித் தாள்களில் இருந்து வளர்ந்த குமோன் முறை இதற்குப் பிரபலமான உதாரணம். வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் இருந்து தொடங்குவார்கள். அடிப்படை பலவீனமாக இருந்தால் உதவும். ஆனால் நாளைய பள்ளி டெஸ்ட்டுக்கு இது நேரடியாகத் தயார் செய்யாது. தினமும் வீட்டில் போட்டுப் பார்க்கவும் வேண்டும்.

பாட டியூஷன்: அடிப்படை ஓரளவு தெரிந்து, 10ஆம் வகுப்பு பொதுத்தேர்வு போன்றவற்றுக்குத் தயாராகும் மாணவர்களுக்குப் பொருந்தும்.

பெரிய வகுப்புக்கு வந்த பிறகும் மணி பார்ப்பது, சில்லறை எண்ணுவது கஷ்டமாக இருந்தால் அது டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். டியூஷனுக்கு முன் குழந்தைகள் நல மருத்துவர் அல்லது உளவியல் நிபுணரைப் பார்ப்பது நல்லது.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

* ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? ஒரே ஆசிரியர்தானா, அடிக்கடி மாறுவாரா?
* சேர்க்கும்போது டெஸ்ட் வைத்து, எது தெரியவில்லை என்று சொல்வார்களா?
* பிள்ளை தப்பு செய்தால் விடையை மட்டும் திருத்துவார்களா, ஏன் தப்பு என்று கேட்பார்களா?
* மாதா மாதம் கட்டலாமா? பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா?

விதிகள் என்ன சொல்கின்றன?

50 பேருக்கு மேல் படிக்கும் பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மார்க் உத்தரவாதம் தரக் கூடாது, 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, பாதியில் விலகினால் மீதிக் கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. அமல்படுத்துவது மாநிலங்களின் கையில். அதனால் வருடக் கட்டணத்தை மொத்தமாகவோ, இஎம்ஐ கடனிலோ கட்டும் முன் யோசிப்பது நல்லது. பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவும் சொல்கிறது.

எப்போது நிறுத்தலாம்?

இரண்டு, மூன்று மாதம் கழித்து, முதலில் தப்பாகப் போட்ட அதே மாதிரிக் கணக்கை மறுபடி கொடுத்துப் பாருங்கள். விடையோடு, "எப்படிப் போட்டே?" என்றும் கேளுங்கள். பிள்ளையால் விளக்க முடிந்தால் சென்டர் வேலை செய்கிறது. அதே தப்பு திரும்ப வந்தாலோ, டியூஷன் நேரம் வந்தாலே வயிற்றுவலி என்று சொன்னாலோ, கட்டிய பணத்துக்காகத் தொடர வேண்டியதில்லை.