கடற்கோளும் கட்டற்ற மென்பொருளும்

பொதுவுக்குரியதைக் கல்லில் வெட்டி ஊரறிய நிறுத்துவதும், குடும்பத்துக்குரியதை ஏட்டில் எழுதிப் பெட்டகத்துள் வைத்துப் பூட்டுவதும் தமிழரின் நெடுங்கால வழக்கு. திருக்கோவிலையடுத்த தம்பிலுவிலிற் கிடைத்த கல்வெட்டு, விசயபாகு மன்னனின் ஆட்சியாண்டைக் குறித்துச் சிவன் கோயிலொன்றுக்கு அளிக்கப்பெற்ற கொடையை அறிவிக்கின்றது. அது யாவரும் காணுமாறு பொறிக்கப்பெற்றது. ஆனால் குடியானவனின் காணியுறுதியோ, அவன் மகளின் சாதகக் குறிப்போ சந்தியிலே தொங்கவிடப்படுவதில்லை. எது திறந்திருத்தல் வேண்டும், எது மூடியிருத்தல் வேண்டும் என்னும் இவ்வொழுங்கு கைத்தொலைபேசி வாழ்விலே தலைகீழாயிற்று. மக்கள் பெரிதும் கையாளும் செயலிகள் பலவற்றில், செயலி இயங்கும் முறை பூட்டப்பட்டிருக்கின்றது. அதைக் கையாளுவோரின் செய்திகளோ நிறுவனத்தின் கண்முன் திறந்து கிடக்கின்றன. இந்நிலைக்கு மாற்றுத் தேடிய முயற்சியின் வரலாற்றிலே அம்பாறைக் கரையோரத்தின் துயரும் ஓர் இடம்பெற்றுள்ளது.

அமெரிக்காவின் மசாசுசெற்சு தொழினுட்பக் கழகத்திற் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983ஆம் ஆண்டில் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தவும், அதன் மூலநிரலை ஆராய்ந்து மாற்றவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும், திருத்திய வடிவத்தைப் பரப்பவும் யாவர்க்கும் உரிமை வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் கொள்கை. 1991ஆம் ஆண்டிற் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். ‘திறந்த மூலம்’ என்னும் பெயர் 1998இல் வழக்குக்கு வந்தது. பயர்பாக்ஸ் உலாவியின் முதற்பதிப்பும், மக்களே வரைந்து மக்களுக்கே வழங்கும் ‘ஓப்பின் ஸ்ட்ரீட் மேப்’ நிலப்படமும் 2004ஆம் ஆண்டிலே தோன்றின.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிற்று. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகப் பெரிய உயிரிழப்பு அம்பாறைக்கே நேர்ந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதல் தம்பிலுவில், திருக்கோவில் வரை தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அலைக்கு இரையாயினர். உயிர்தப்பியோர் பள்ளிகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் ஒதுங்கினர். யார் எங்குள்ளார், எம்முகாமுக்கு எப்பொருள் வேண்டும், எந்நிறுவனம் எங்கே பணிபுரிகின்றது என்பவற்றை ஒருங்கே அறிதற்கு வழி வேண்டியிருந்தது.

இந்நெருக்கடியிலே, சஞ்சீவ வீரவரண 2003இல் தோற்றுவித்த இலங்கை மென்பொருள் நிறுவகத்தைச் சார்ந்த தன்னார்வலர்கள், ‘சஹானா’ என்னும் மென்பொருளைச் சில நாள்களிலே உருவாக்கத் தலைப்பட்டனர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனப் பதிவு, வேண்டுகோள் மேலாண்மை என்பன அதன் பகுதிகள். விலையின்றிக் கிடைக்கும் திறந்த மூலக் கருவிகளைக் கொண்டே அது கட்டப்பெற்றது. அதன் மூலநிரலும் உலகுக்கு வழங்கப்பெற்றது. ஆதலின், 2005இற் பாகிஸ்தானில் நிலநடுக்கமும் 2006இற் பிலிப்பைன்சில் மண்சரிவும் 2010இல் எயிட்டியில் நிலநடுக்கமும் நேர்ந்தபோது, அந்நாடுகளிலும் அது எடுத்தாளப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். மூலநிரல் திறந்திருத்தல் வேறு. மக்களின் விவரம் திறந்திருத்தல் வேறு. பெற்றோரை இழந்த குழந்தை எம்முகாமில் உள்ளது என்னும் செய்தி உறவினர்க்கு உதவும். தீயோர் கையிற் சிக்கின் குழந்தைக்கே கேடாகும். பதிவேட்டின் அமைப்பைப் பலரும் சோதிக்குமாறு திறந்து வைப்பதும், அதனுள் எழுதப்பட்ட பெயர்களை உரியோர்க்கு மட்டுமே காட்டுவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. முன்னையது பின்னையதற்குக் காவல். பூட்டின் வலிமையைப் பலர் ஆராய்ந்தறிந்தாலன்றி, அதனை நம்புவதற்கு நிறுவனத்தின் வாய்ச்சொல்லன்றி வேறு சான்றில்லை.

வாய்ச்சொல்லை நம்பியிருத்தலின் விளைவை இம்மாவட்டம் பின்னரும் கண்டது. 2018 பெப்ரவரி 26ஆம் நாள், அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்திலே மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென்ற பொய் கிளம்பியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. உணவிற் காணப்பட்டது மாவுக்கட்டியே என அரச பகுப்பாய்வு பின்னர் உணர்த்திற்று. ஆயினும் அப்பொய் முகநூல் வழியே பரவிவிட்டது. மார்ச்சில் கண்டி மாவட்டத்திற் கலவரம் மூண்டபோது அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அவ்வாறே நிகழ்ந்தது. தடையைக் கடக்க விரும்பிய மக்கள், யார் நடத்துவதென்று அறியாத இலவச மெய்நிகர் வலைச் செயலிகளை விரைந்து நிறுவி, தம் போக்குவரத்து அனைத்தையும் அவற்றிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 2018ஆம் ஆண்டு நிகழ்வுகளில் தன் தளத்துக்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரிற்று.

2021 சனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையின் மாற்றத்தை அறிவித்தபோது, உலகெங்கும் பலர் ‘சிக்னல்’ செயலியை நாடினர். இரண்டும் செய்தியை ஒரே வகைக் குறியாக்கத்தால் மறைப்பவை. சிக்னல் உருவாக்கிய நெறிமுறையையே வாட்ஸ்அப்பும் 2016இல் முழுமையாக மேற்கொண்டது. வேறுபாடு கடிதத்தில் அன்று, உறையிலே உள்ளது. யார் யாருடன் எப்பொழுது பேசினார் என்னும் குறிப்பே உறை. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணைக்கு விடையாகச் சிக்னல் தரக்கூடியதாயிருந்தவை, கணக்குத் தொடங்கிய நாளும் இறுதியாக இணைந்த நாளும் மட்டுமே. சேர்த்து வைக்காததை எவரும் பறிக்கவியலாது.

இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக நிறைவேறியது. எனினும் சட்டம் பிழை நேர்ந்தபின் முறையிடும் வழி. தேர்வு பிழை நேருமுன் காக்கும் வழி. எழுத்துப்பணிக்கு லிப்ரே ஆபிஸ், உலாவுதற்குப் பயர்பாக்ஸ், வழியறிதற்கு ஓப்பின் ஸ்ட்ரீட் மேப், செயலிகளைப் பெறுதற்கு ‘எஃப்-டிராய்டு’ எனத் தேர்தற்குரியன பல உள. தமிழ் இடைமுகத்தைத் தன்னார்வலர் ஆக்கித் தந்தனர். ‘தேனீ’ எழுத்துருவை விலையின்றி வழங்கிய அதிராம்பட்டினம் உமர்தம்பி (1953–2006) அவ்வகைத் தொண்டர்க்கு முன்னோடி.

இம்மாற்றுவழியில் இடர்ப்பாடு இல்லை எனல் பொருந்தாது. உறவினரெல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்க ஒருவர் மட்டும் நீங்குதல், ஊர் கூடும் சந்தையை விட்டுத் தனியே கடைவிரித்தலை ஒக்கும். ஆகவே மாற்றம் தனியாளின் துணிவாக அன்றிக் குடும்பத்தின், வகுப்பின், கோயிற் சபையின், பள்ளிவாசல் நிருவாகத்தின் கூட்டுத் தீர்மானமாக அமைதல் நன்று. மேலும், திறந்த மூலம் என்னும் பெயர் ஒன்றே நம்பிக்கைக்குப் போதாது. செயலி யாரால் நடத்தப்படுகின்றது, எவ்விவரத்தைக் கேட்கின்றது, நடத்துதற்குப் பொருள் எங்கிருந்து வருகின்றது என்னும் மூன்றும் வினவப்படல் வேண்டும்.

2004இல் இக்கரையோரத்தின் இழப்பைக் கணக்கிட ஏதிலிக் கூட்டத்துக்கு உதவிய கருவியை, இந்நாட்டு இளைஞரே ஆக்கி உலகுக்கு அளித்தனர். தம் செய்தியைத் தம் கையில் வைத்திருத்தல் பிறநாட்டார் கற்பிக்க வேண்டிய புதுமையன்று. கல்வெட்டு ஊருக்கு, ஏட்டுப்பெட்டி வீட்டுக்கு. இவ்விரண்டையும் மாற்றி வைக்காத கருவியைத் தேர்தலே இன்றைய மாணவர் செய்தற்குரியது.