நிலுவையில் நின்ற பிரசாவுரிமை: மாத்தளை வழியாக ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் வரலாற்றில் எழுத்துக்கும் நினைவுக்கும் இடையிலான உறவைப் பேசுவோர் மாத்தளையை மறந்துவிட முடியாது. வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலேயே ஏடுகளில் எழுதப்பட்டதென்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவோரை அழித்துவிடுமாயின் ஓதப்படுவதும் அவர்களுடன் அழிந்துவிடும் என்ற அச்சமே அம்முயற்சிக்குக் காரணமாயிற்று. நினைவைச் சுமந்த மனிதர் மறைந்த பின்னரும், விட்ட இடத்திலிருந்து தொடங்குவதற்கு ஏடு வழிசெய்தது.

அதே மாத்தளையில் 1848 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் வரிக் கொடுமையை எதிர்த்தெழுந்த மக்கள் அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியபோது கச்சேரியிலிருந்த வரிப் பதிவேடுகள் சிலவற்றையும் அழித்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தில் அலுவிகாரையும் அதன் சுவடிகளும் பேரழிவுக்கு உள்ளாயின. பதிவு என்பது மக்களைக் காப்பதாகவும் இருக்கலாம். கட்டுவதாகவும் இருக்கலாம் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. இவ்விரு தன்மையும் ஒருங்கே அமைந்த வரலாறு, இதே மாவட்டத்தின் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரின் பிரசாவுரிமை வரலாறாகும். 1948 இல் திறக்கப்பட்ட அந்தக் கோப்பு பலருக்கு 2003 வரை மூடப்படவில்லை. விதிகளின்படி நடக்கும் ஒரு நீண்ட நடைமுறை, இடையில் நின்று மீண்டும் தொடங்கும்போது அதற்குள் அகப்பட்ட மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ 150 மைல் நீண்ட இந்த வடபாதையில் நீரின்மையாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். பிழைத்தோருக்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளை நகரே. 1880 இல் புகைவண்டிப் பாதை இந்நகரை எட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை கைவிடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வரும் கடல்வழி அதனிடத்தைப் பெற்றது. கோப்பி அழிந்த பின்னர் தேயிலை, றப்பர், கொக்கோ ஆகியன இம்மாவட்டத்தின் தோட்டப் பயிர்களாயின. றத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை முதலிய பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

இம்மக்களின் வாழ்வு தொடக்கத்திலிருந்தே காகிதத்தால் ஆளப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட ‘துண்டு’ அவர்களது கடன்தொகையைக் குறித்தது. அத்தொகையைச் செலுத்தும் புதிய தோட்டம் அவர்களை ஏற்றுக்கொண்டது. ஆள் இடம் மாறினான், கடன் மாறவில்லை. முன்னைய துரை நிறுத்திய இடத்திலிருந்தே அடுத்த துரை கணக்கைத் தொடர்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தையும் ஆளையும் இலக்கத்தால் குறிக்கும் தகரச் சீட்டும் வந்து சேர்ந்தது. துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனைப் பொறுத்தவரை தொழிலாளியின் தொடர்ச்சியான வரலாற்றைத் தவறாது பேணிய இதே அமைப்பு, பின்னாளில் உரிமையைப் பொறுத்தவரை அத்தொடர்ச்சியை நிறுவும் பொறுப்பைத் தொழிலாளியின் தலையிலேயே சுமத்தியது என்பது கவனிக்கத்தக்கது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பிரசவத்திற்குத் தாய்வீடு தேடி இந்தியா சென்று திரும்பும் வழக்கமுடைய ஒரு சமூகத்தில், தோட்ட லயங்களில் வாழ்ந்தோர் இதனைப் பத்திரங்களைக் கொண்டு நிறுவுதல் பெரும்பாலும் இயலாத காரியம். அடுத்த ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் பதிவு மூலம் ஒரு வழியைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் நாள் வரை அவ்வதிவு முறியாதிருத்தலும் வேண்டும். ஒரு முறையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பயணம் தொடர்ச்சியை முறித்துவிடும். அதே 1949 இல் நிறைவேறிய 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசையல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1947 இல் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரசின் வாக்காளர்கள் அடுத்த தேர்தலில் வாக்கற்றோராயினர். இச்சட்டங்களின் செல்லுபடியை 1953 இல் பிரிவிக் கவுன்சிலும் ஏற்றுக்கொண்டது.

விண்ணப்பக் காலம் 1949 ஆகஸ்ட் 5 முதல் 1951 ஆகஸ்ட் 5 வரை. காங்கிரசு முதலில் பதிவைப் பகிஷ்கரித்தது; பின்னர் மனம் மாறியது. எனவே பெருந்தொகை விண்ணப்பங்கள் காலத்தின் இறுதிப் பகுதியிலேயே குவிந்தன. சுமார் 8,24,000 பேர் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் விசாரணை உத்தியோகத்தர் ஆராய்ந்தார். ஐயம் எழின் அறிவித்தல் அனுப்பப்பட்டது. விண்ணப்பதாரர் குறித்த காலத்துள் மறுமொழி கூறாவிடின் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். நிராகரிப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். நோக்குமிடத்து ஒழுங்கான ஏற்பாடே. ஆயின் இதன் ஒவ்வொரு படியும், விண்ணப்பதாரர் அதே முகவரியில் இருப்பார், கடிதத்தை வாசிப்பார், செக்றோலிலிருந்து சான்று பெறுவார் என்ற எடுகோள்களின் மீது நின்றது. தோட்டம் கைமாறினாலோ, பதிவேடு செல்லரித்தாலோ, கடிதம் தோட்டக் கந்தோரிலேயே தங்கிவிட்டாலோ, குற்றம் எவருடையதாயினும் விளைவு ஒன்றே. 1954 ஜனவரியில் கையெழுத்தான நேரு–கொத்தலாவலை உடன்படிக்கை, நிலுவையிலிருந்த விண்ணப்பங்களை இரண்டு ஆண்டுகளுள் முடிக்க முயல்வதாகக் கூறியது. அது நிகழவில்லை. அச்சட்டத்தின் கீழ் இறுதியில் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே.

எஞ்சியோரைக் குறித்து 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவாயிற்று. 9,75,000 நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுகளில் ஏற்பதெனவும், 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதெனவும் இணக்கம் காணப்பட்டது. அந்த 1,50,000 பேரும் 1974 உடன்படிக்கையால் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இங்கே நடைமுறையின் இயல்பே மாறிவிட்டதைக் காணலாம். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தில், குறைந்தபட்சம் ஒவ்வொரு குடும்பத்தின் வரலாறும் கேள்விக்குரியதாயிருந்தது. 1964 இல் குடும்பம் மறைந்து எண் வந்தது. இந்தியா ஏழு பேரை ஏற்றால் இலங்கை நால்வரை ஏற்கும் என்ற விகிதம் ஒருவரது உரிமையை முன்பின் அறியாத வேறொருவரின் பயணத்தோடு பிணைத்தது.

அவ்விகிதத்தை எதனைக் கொண்டு கணிப்பது என்பதும் இடையில் மாறியது. 1967 ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்தற் சட்டம் இந்தியக் குடியுரிமை வழங்கப்பட்ட தொகையை அளவாகக் கொண்டது. 1971 ஆம் ஆண்டுத் திருத்தம் உண்மையில் நாட்டைவிட்டுச் சென்றோரின் தொகையை அளவாக்கியது. கோப்பு ஒன்றே, காத்திருந்தவரும் ஒருவரே, அவரை அளக்கும் கோல் மட்டும் மாறியது. மேலும், விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஒதுக்கப்பட்ட தொகையிலும் குறைந்தனர். இலங்கைப் பிரசாவுரிமை கேட்டோர் மிகைத்தனர். மக்களின் விருப்பமும் ஒப்பந்தத்தின் கணக்கும் பொருந்தவில்லை.

கோப்பு உறங்கலாம், வாழ்வு உறங்குவதில்லை. காத்திருந்த ஆண்டுகளில் குழந்தைகள் பிறந்தனர், முதியோர் இறந்தனர், பெண்கள் வேறு பட்டியலிலுள்ள குடும்பங்களில் மணம் புரிந்தனர். ஒப்பந்தம் இயற்கைப் பெருக்கத்தைக் கணக்கிற் கொண்டதாயினும், ஒரே லயத்தில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் இலங்கையராகவும் ஆகும் நிலையை அது தடுக்கவில்லை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் மாத்தளை, கண்டி போன்ற மத்திய மலைப் பகுதிகளின் தோட்டங்களைப் பெரிதும் பாதித்தது. எழுபதுகளின் முற்பகுதியில் ஏற்பட்ட உணவுத் தட்டுப்பாடும், 1977 இலும் 1983 இலும் மூண்ட வன்செயல்களும் பலரை இடம்பெயரச் செய்தன. 1983 இல் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயிற்று. வீடிழந்தோர் பலர் வீட்டோடு பத்திரங்களையும் இழந்தனர். அரசாங்கத்தின் நினைவு கந்தோரில் இருந்தது. தொழிலாளியின் நினைவு தகரப் பெட்டியில் இருந்தது. முன்னையது அழிந்தால் தாமதம். பின்னையது அழிந்தால் உரிமையே இல்லை.

இந்தியா செல்ல ஒப்பியோர், முன்னோர் நடந்து வந்த அதே மன்னார்க் கரையை நோக்கிப் புகைவண்டியிற் சென்றனர். ஒப்பந்தம் 1981 ஒக்டோபரில் காலாவதியாயிற்று. 1984 இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயணப்பட முடியாமல் லயங்களிலேயே தங்கினோர் பலர். அவர்கள் சட்டத்தின் கண்ணில் சென்றுகொண்டிருப்போர். உண்மையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்போர்.

1986 இல் மீண்டும் கணக்குப் பார்க்கப்பட்டது. இந்தியா 5,06,000 பேரையே ஏற்பதென முடிவாக, எஞ்சிய 4,69,000 பேர் இலங்கையின் பொறுப்பாயினர். முன்னர் ஒப்பிய 3,75,000 பேரோடு 94,000 பேர் கூடினர். 1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டமும் இதற்கென இயற்றப்பட்டன. இருப்பினும் இந்தியப் பட்டியலில் இருந்து போகாதோரும், சான்றில்லாதோரும் எஞ்சினர்.

இறுதித் தீர்வு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியாரும் பிரசாவுரிமை பெற்றனர். விகிதமும் ஒதுக்கீடும் அகன்றன. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் பிரகடனம் ஒன்றின் மூலம் இலங்கையராக வழி பிறந்தது. அவ்வாண்டில் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையாளர் அலுவலகத்தின் துணையோடு நடமாடும் நிலையங்கள் வழியாக நடைபெற்ற இயக்கத்தில், பத்து நாட்களில் சுமார் 1,90,000 பேர் பிரசைகளாயினர். ஐம்பது ஆண்டுகளில் முடியாதது பத்து நாட்களில் முடிந்ததற்குக் காரணம் உத்தியோகத்தரின் வேகம் மட்டுமன்று, வினாவே மாறியதாகும். “நீ தொடர்ச்சியாக வாழ்ந்ததை நிறுவு” என்பதற்குப் பதிலாக, “வாழ்ந்ததாக நீ கூறுவதை ஏற்கிறோம்” என்று சட்டம் பேசியது. எனினும் போரினால் இந்தியாவிற்கு அகதிகளாகச் சென்றோர் ‘நிரந்தர வதிவு’ என்ற சொல்லால் வெளியே நின்றனர். அவர்களுக்காக 2009 இல் 6 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வேண்டியதாயிற்று.

இன்று வங்கிகளும் அரச திணைக்களங்களும் தம் நடைமுறைகளைக் கணினியின் விதிப்பொறிகளிடம் ஒப்படைக்கின்றன. மாதக்கணக்கில் நீளும் ஒரு விண்ணப்பத்தை, சான்று வரும்வரை அதன் நிலையோடு சேமித்து வைத்து, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அத்தொழில்நுட்பத்தின் முக்கிய பணி. இடையில் விதி மாறினால் பழைய விண்ணப்பத்துக்கு எவ்விதி பொருந்தும், சேமித்த தகவல் பழையதாகிவிட்டால் யார் திருத்துவது, மறுமொழி வராவிடின் அதனை மறுப்பென்று கொள்வதா என்பன அதனை அமைப்போர் எதிர்கொள்ளும் வினாக்கள். மலையகத் தமிழர் இவ்வினாக்கள் அனைத்தையும் கணினிக்கு முன்னரே தம் உடலால் எதிர்கொண்டவர்கள். அவர்தம் வரலாறு அளிக்கும் விடை தெளிவானது. நிலுவையில் வைக்கப்படுவது காகிதமன்று, மனிதர். ஆதலால் விதி மாறும்போது அதன் சுமை காத்திருந்தவர் மீது விழலாகாது; மௌனம் மறுப்பாகக் கொள்ளப்படலாகாது; சான்றைப் பேணும் பொறுப்பு சான்றைக் கேட்பவருக்கும் உண்டு.

அலுவிகாரையில் ஏடு எழுதியோர் நினைவின் சுமையை மக்களிடமிருந்து இறக்கி ஏட்டில் வைத்தனர். பிரசாவுரிமைச் சட்டங்கள் அச்சுமையை ஏட்டிலிருந்து இறக்கி ஏழைத் தொழிலாளியின் தலையில் வைத்தன. வடபாதையில் நடந்து வந்தோரின் பேரரும் பூட்டரும் அதனை இறக்கிவைக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அதற்குள் விண்ணப்பத்தில் விரல் பதித்தோருள் பலர் தேயிலைச் செடிகளின் அடியில் அடங்கிவிட்டனர்.